துரைசாமி ஐயாவின் பெயர்

2022-இல் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்ட ஆண்டு விழாவுக்கு, அழைப்பிதழ் உறைகளில் பெயர் அச்சிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டேன். உறுப்பினர் பட்டியல் எக்செல் கோப்பாக வந்தது. ஆண்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் 'திரு. ' என்று இருந்தது. உறையிலேயே 'திரு.' அச்சாகியிருந்ததால் பட்டியலில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் அதற்கு ஒரு வரி போதும். சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், இடது ஓரத்தில் இருப்பதை உரித்தெடுக்கும் எல்ஸ்ட்ரிப் என்ற செயற்கூறு எனக்கு ஏற்கெனவே பழக்கம். அதனிடம் 'திரு. ' என்று கொடுத்தேன். ஓடியது. முதல் இருபது பெயர்களைப் பார்த்தேன். முருகன், கண்ணன், குமார், சுப்பையா என்று எல்லாமே சரியாக இருந்தன. அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நூலகர் அழைத்தார். "தம்பி, துரைசாமி ஐயா உறையில வெறும் 'சாமி'ன்னு இருக்கு, முன்னாடி கொம்பு மாதிரி என்னமோ ஒண்ணு தனியா நிக்குது. தமிழரசன் சாருக்கு 'மிழரசன்'னு வந்திருக்கு. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். தங்கராசு 'ங்கராசு' ஆகியிருந்தார். ரவி 'வி' ஆகியிருந்தார். ராஜன் பெயரில் புள்ளி வட்டத்தோடு ஒரு துணைக்கால் நிற்க, அதன் பின்னால் 'ஜன்' மட்டும் இருந்தது. என்னை அதிகம் பயமுறுத்தியது திருமாறன்தான். அவர் 'மாறன்' ஆகியிருந்தார். அது தவறென்று பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது. அந்த உறை அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

காரணம் இதுதான். எல்ஸ்ட்ரிப்பிடம் 'திரு. ' என்று கொடுத்தால், அந்தச் சொல்லை நீக்கு என்று அது எடுத்துக்கொள்வதில்லை. த, இகரக் குறி, ர, உகரக் குறி, முற்றுப்புள்ளி, இடைவெளி ஆகிய ஆறில் எது வந்தாலும், எந்த வரிசையில் வந்தாலும், வேறொன்று குறுக்கிடும் வரை நீக்கிக்கொண்டே போ என்று எடுத்துக்கொள்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'தி' என்பது இரண்டு குறியீடுகள், தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'துரைசாமி'யில் த போனது, உகரக் குறி போனது, ர போனது, பட்டியலில் இல்லாத ஐகாரக் கொம்பில் வந்து நின்றது. முருகனின் மகரம் பட்டியலில் இல்லை. அதனால் அவர் தப்பித்தார். நான் சரிபார்த்த இருபது பேரும் அப்படித் தப்பித்தவர்கள்.

எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் துரைசாமி ஐயா. அவர் எதுவும் சொல்லவில்லை என்றார் நூலகர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உறையில் 'துரை' என்று தானே எழுதிக்கொண்டாராம். கட்டற்ற மென்பொருள்களின் டாக்குமெண்டேஷனில், அதாவது அவற்றை விளக்கும் ஆவணங்களில், நான் இன்று எழுதிக்கொண்டிருப்பதற்கு அந்த உறைதான் காரணம்.

அன்று இரவு பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் எல்ஸ்ட்ரிப் பகுதியைத் திறந்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தது. நாம் தருவது முன்னொட்டு அல்ல, அதிலுள்ள எழுத்துகளின் எல்லாச் சேர்க்கைகளும் உரிக்கப்படும் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதை நான் முன்பே படித்திருக்கிறேன். ஆனால் அது என் மனதில் ஏறவேயில்லை, ஏனென்றால் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்போடு படித்தேன். பிடரியில் தட்டியது அதன் கீழே இருந்த எடுத்துக்காட்டு. 'ஆர்தர்: த்ரீ!' என்று ஆங்கிலத்தில் ஒரு சரம். அதிலிருந்து ஆர்தர் என்ற பெயரையும் முக்காற்புள்ளியையும் இடைவெளியையும் எல்ஸ்ட்ரிப்பால் நீக்கச் சொன்னால், த்ரீயின் முதல் மூன்று எழுத்துகளும் சேர்ந்து உரிந்துபோய் இரண்டு 'ஈ'யும் ஆச்சரியக்குறியும்தான் மிஞ்சும். அதற்கடுத்து ரிமூவ்பிரிஃபிக்ஸ் என்ற வேறொரு செயற்கூறால் அதையே செய்தால் த்ரீ முழுசாகக் கிடைக்கும். எங்கள் தமிழரசன் சாருக்கு நடந்ததேதான் ஆர்தருக்கும் நடந்திருந்தது.

அந்த எடுத்துக்காட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். ரிமூவ்பிரிஃபிக்ஸ் 2020 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.9-இல் சேர்ந்தது. டெனிஸ் ஸ்வீனி எழுதிய 616-ஆம் எண் முன்மொழிவு அதற்கு அடிப்படை. முன்மொழிவில் காரணமாகக் காட்டப்பட்டிருப்பது என்ன தெரியுமா? எல்ஸ்ட்ரிப்பையும், அதையே வலது ஓரத்தில் செய்யும் ஆர்ஸ்ட்ரிப்பையும் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பல ஆண்டுகளாக மடற்குழுக்களிலும், வழுப் பட்டியலிலும், நிரலாளர்கள் கேள்வி கேட்கும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் திரும்பத் திரும்ப எழுதியவை. 'இது ஏன் என் எழுத்தைச் சேர்த்துத் தின்கிறது' என்று கேட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தச் செயற்கூறே வந்திருக்காது. வெளியே சொன்னதால் குழப்பம் சான்றாகிவிட்டது.

நான் அதுவரை ஆவணம் என்றால் மேலிருந்து வருவது, நிரலை எழுதியவர்கள் எழுதிக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். பைத்தான் ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக, மூலத்தைக் காட்டும் சுட்டி ஒன்று இருக்கிறது. அன்றுதான் முதல் முறை அதை அழுத்தினேன். வெறும் எழுத்துக் கோப்பு திறந்தது. பைத்தானின் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், டாக் என்ற அடைவுக்குள், நிரலுக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஆவணங்கள் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தன. ஜியார்க் பிராண்டில் அவற்றை ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாற்றினார், அதைப் பக்கங்களாக்கித் தர ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியையும் எழுதினார். 2008-இல் வந்த பைத்தான் 2.6 முதல் அப்படித்தான். பைத்தானின் ஆவணத்துக்காகப் பிறந்த அந்தக் கருவியைத்தான் இன்று எத்தனையோ திட்டங்கள் பயன்படுத்துகின்றன. லேடெக்கோடு மல்லுக்கட்டத் தேவையில்லாமல் ஒருவர் நேராக வந்து ஒரு வரியைத் திருத்த முடிகிறது என்பதுதான் என்னைப் போன்றவனுக்குக் கதவு.

கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஆர்வக்கோளாறில் நான் செய்த முதல் காரியம் தவறு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கற்றதில் பாதி அதில்தான் இருக்கிறது.

கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் தொகுதியின் பக்கத்தில், ஓர் அடைவிலுள்ள பைத்தான் கோப்புகளை எல்லாம், பெயர் பொருந்தும் கோப்புகளைத் தேடித் தரும் குளோப் கொண்டு பட்டியலிடும் எடுத்துக்காட்டு இருக்கிறது. அந்த அழைப்பைச் சுற்றி, விடையை வரிசைப்படுத்தும் சார்ட்டட் என்ற இன்னொரு அழைப்பும் நிற்கும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது எதற்கு, கண்ணை உறுத்துகிறதே, குளோப்பை மட்டும் காட்டினால் போதுமே என்று தோன்றியது. என் கணினியில் சார்ட்டட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அதே விடை, அதே வரிசை. எளிமைப்படுத்துகிறேன் என்று ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம், அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பரிசீலித்தவர் மிகவும் பொறுமையாக எழுதியிருந்தார். சாரம் இது: உங்கள் கணினியில் அந்த வரிசையில் வந்தது உண்மை. ஆனால் கோப்புகள் எந்த வரிசையில் வரும் என்று நாங்கள் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சார்ட்டட்டை எடுத்துவிட்டு, விடையை அகர வரிசையில் அச்சிட்டுக் காட்டினால், படிப்பவர் அதையே வாக்காக எடுத்துக்கொள்வார். நன்றி சொல்லிவிட்டு மூடினார்.

எனக்கு அன்று வருத்தம்தான். ஒரு சொல்லை நீக்கியதற்கு இவ்வளவா என்று நினைத்தேன். பிறகு 2019-இல் நடந்த ஒரு சம்பவத்தைப் படித்தேன், அதன்பின் அந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்த சேர்மங்களை ஆய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர்கள், 2014-இல் வெளியாகிப் பலரும் பயன்படுத்தி வந்த ஒரு பைத்தான் நிரலை ஓட்டினார்கள். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவுகளைக் கணிக்க உதவும் நிரல் அது. ஒரே நிரல், ஒரே கோப்புகள். விண்டோஸ் 10-இல் ஒரு விடை, உபுண்டு 16-இல் வேறு விடை. நிரலில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. கோப்புகளைப் பட்டியலிட குளோப்பை அழைத்த இடத்தில், அவை குறிப்பிட்ட வரிசையில் வரும் என்று நிரல் நம்பியிருந்தது. சில இயங்குதளங்களில் அப்படி வந்தன, சிலவற்றில் வரவில்லை. வராத இடத்தில் ஒரு கோப்பின் எண்கள் இன்னொரு கோப்பின் எண்களோடு சேர்ந்துவிட்டன. ஆர்கானிக் லெட்டர்ஸ் இதழில் அவர்கள் இதை எழுதினார்கள். அந்த நிரலை நம்பி வெளிவந்த பழைய கட்டுரைகளை எல்லாம் திரும்பச் சரிபார்க்க வேண்டிய நிலை வந்தது.

திருத்தம் என்னவென்றால், கோப்புகளை வரிசைப்படுத்திவிடுவது. நான் உறுத்துகிறது என்று எடுக்கப் போன அதே வேலை.

இன்று குளோப்பின் ஆவணத்தில், விடைகள் வரிசையாக வருமா இல்லையா என்பது கோப்பு முறைமையைப் பொறுத்தது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. படித்துக்கொண்டே போகிறவர் கண்ணில் அது படாமலே போகலாம். நான் அந்த வாக்கியத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

ஆவணத்தின் ஒரு வரி எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு என்று தரவை வைக்கும் பைத்தானின் அகராதி வகை. அதன் உள்ளமைப்பு 2016 டிசம்பரில் வந்த 3.6-இல் மாற்றி எழுதப்பட்டது. நினைவக இடத்தை மிச்சப்படுத்துவது நோக்கம். பக்கவிளைவாக, போட்ட வரிசையிலேயே சாவிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கின. ஆனால் 3.6-இன் ஆவணம் கண்டிப்பாகச் சொன்னது: இது செயலாக்கத்தின் உள்விவரம், இதை நம்பாதீர்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் மடற்குழுவில் நடந்த நீண்ட விவாதத்தின் முடிவில், போட்ட வரிசை காக்கப்படும் என்று பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் தீர்ப்புச் சொன்னார். 2018 ஜூனில் வந்த 3.7 அதை மொழியின் அதிகாரபூர்வப் பகுதி என்று அறிவித்தது. ஒரே நிரல் துண்டு இரண்டு பதிப்புகளிலும் ஒரே விடையைத் தரும். மாறியது உறுதிமொழி. அந்த நாள் முதல் உலகத்தில் பைத்தானை வேறு யார் செயலாக்கினாலும் இந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும். இதைப் படித்த பிறகு 'சும்மா டாக்குமெண்டேஷன்தானே' என்று யார் சொன்னாலும் எனக்குப் பதறுகிறது.

வாக்குக் கொடுப்பதைப் போலவே, கொடுக்க முடியாததைச் சொல்வதும் இந்த மரபில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்டு பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிட்சியும் எழுதிய, யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டில், 'வழுக்கள்' என்றே ஒரு தலைப்பு உண்டு. தாங்கள் எழுதிய கட்டளை எங்கெங்கே சறுக்கும் என்பதை அவர்களே அந்தத் தலைப்பின் கீழ் எழுதி வைத்தார்கள். விற்பனைக்கு எழுதுகிறவர் அப்படி எழுத மாட்டார். பக்கத்து மேசைக்காரர் ஏமாறக்கூடாது என்று நினைக்கிறவர்தான் எழுதுவார். லினக்ஸின் கையேட்டுப் பக்கங்கள் பலவற்றில் இன்றும் அந்தத் தலைப்பைப் பார்க்கலாம்.

மூடப்பட்ட அந்த ரிக்வெஸ்டுக்குப் பிறகு நான் சில மாதங்கள் எதுவும் அனுப்பவில்லை. படித்துக்கொண்டிருந்தேன். படிக்கும்போது எங்கே இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்ததோ அந்த இடத்தையும், முதல் முறை நான் என்னவாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். உடனே எழுத வேண்டும். எல்ஸ்ட்ரிப்பைப் பற்றி நூலகருக்கு விளக்க ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தபோது, நான் முதலில் எப்படித் தவறாக நினைத்தேன் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. 'எழுத்துகளின் தொகுப்பு என்று தெளிவாகத்தானே போட்டிருக்கிறது' என்று எனக்கே தோன்றியது. புரிந்த மறுகணமே புரியாமை மறைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் பைத்தானின் உள்ளே வேலை செய்கிறவருக்கு நான் தடுக்கி விழுந்த கல் கண்ணிலேயே படாது. அவர் குற்றமில்லை. அவர் காலுக்கு அந்தப் பாதை பழகிவிட்டது.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் நடத்திய திறந்த மூலக் கணக்கெடுப்பில், கலந்துகொண்டவர்களில் 93 சதவீதம் பேர் முழுமையற்ற, காலாவதியான ஆவணத்தை ஒரு பெரிய சிக்கலாகச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் ஆவணத்துக்கு அபூர்வமாகவே பங்களிப்பதாக, அல்லது பங்களிப்பதே இல்லை என்றார்கள். சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. புரியாமல் இருக்கும்போது 'எனக்கே புரியவில்லை, நான் எப்படித் திருத்துவது' என்கிறோம். புரிந்த பிறகு 'இதில் திருத்த என்ன இருக்கிறது' என்கிறோம். நடுவில் இருப்பது ஓர் இரவு, அதிகம் போனால் ஒரு வாரம்.

என் நோட்டிலிருந்து கடைசியில் ஒன்று போய்ச் சேர்ந்தது. ஒரு செயற்கூறின் விளக்கத்தில் இரண்டு உள்ளீடுகளைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியம் 'அது' என்று தொடங்கியது. எந்த 'அது'? நான் முதலாவதை நினைத்து அரை நாள் வீணாக்கியிருந்தேன். 'அது'வை எடுத்துவிட்டு, உள்ளீட்டின் பெயரைப் போட்டேன். ஒரே ஒரு சொல்.

அந்த ஒரு சொல்லுக்கான பயணத்தை நான் ரசித்தேன். என் கணினியில் ஸ்ஃபிங்க்ஸை ஓட்டி, பக்கம் உடையாமல் வருகிறதா என்று பார்த்தேன். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். நிரலில் மாற்றமில்லை என்பதால் மாற்றக் குறிப்பு தேவையில்லை என்று ஒரு பட்டையை ஒட்டினார்கள். பரிசீலித்தவர் ஒன்றே ஒன்று கேட்டார். பைத்தான் ஆவணத்தில் உள்ளீட்டின் பெயரை இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் எழுத வேண்டும், அப்போதுதான் பக்கத்தில் சாய்வெழுத்தாக வரும். போட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த சற்று நேரத்தில், மிஸ் இஸ்லிங்டன் என்ற தானியங்கி வந்து அதே திருத்தத்தை முந்தைய பதிப்பின் கிளைக்கும் எடுத்துப் போனது. மரியாட்டா விஜயா உருவாக்கிய தானியங்கி அது. பழைய பதிப்பைப் பயன்படுத்துகிறவருக்கும் தெளிவான வரி கிடைக்க வேண்டும் என்று ஒருவர் யோசித்து அதற்கென்று ஓர் இயந்திரத்தையே செய்து வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை நாலைந்து முறை திறந்து பார்த்தேன். என் பெயர் அங்கே எங்கும் இருக்காது. 'அது' இல்லை, அவ்வளவுதான்.

பைத்தானின் ஆவணத்தை மொழிபெயர்ப்பதற்கும் வழி இருக்கிறது. 2017-இல் எழுதப்பட்ட 545-ஆம் எண் முன்மொழிவு அதற்கான நடைமுறையை வகுத்தது. ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் போன்ற மொழிகளில் அதிகாரபூர்வத் தளத்திலேயே இன்று படிக்கலாம். தமிழைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது இந்த ஆண்டு, அதுவும் நூலகத்தில்தான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. தமிழ்வழியில் படிக்கும் மாணவி ஒருத்தி சனிக்கிழமைகளில் வாசகர் வட்டக் கணினியில் பயிற்சி செய்ய வருவாள். எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் பற்றிக் கேட்டாள். "1 முதல் 10 வரை எண்களைத் தரும்மா" என்றேன். ஓட்டிப் பார்த்தாள். 9-ஓடு நின்றது.

"அண்ணா, 10 வரைன்னுதானே சொன்னீங்க?"

ஆங்கிலத்தில், 10 என்று நாம் தரும் அந்த உள்ளீட்டின் பெயர் 'நில்' என்ற பொருள் தரும் சொல். தமிழில் '10 வரை' என்றால் 10-உம் சேர்த்தி. பத்தாம் தேதி வரை விடுமுறை என்றால் பத்தாம் தேதி பள்ளிக்கு யாரும் போவதில்லை. பல வருடம் ரேஞ்சைப் பயன்படுத்தியிருக்கிறேன். 'வரை' என்ற சொல்லை அங்கே போடக்கூடாது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எந்த மொழிபெயர்ப்பு அகராதியும் இதைச் சொல்லித் தந்திருக்காது.

விளக்கம் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். என் நோட்டையும் பேனாவையும் அவளிடம் கொடுத்து, "இப்ப நீ என்ன நினைச்சேன்னு முதல்ல எழுதிடு. நான் சொல்லிட்டா உனக்கே மறந்துடும்" என்றேன். எழுதினாள்: '10 வரைக்கும்னா பத்தும் வரணும். ஏன் வரல?' பிறகு பேசினோம். அதன் கீழே நான் '10-ஐத் தொடுமுன் நின்றுவிடும்' என்று எழுதினேன். அவள் அதைப் படித்துப் பார்த்து, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்திலேயே எழுதினாள்: '10 வந்ததும் நின்னுடும். 10-ஐத் தராது.'